கெய்சரில் நான் அடைத்த துளை

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழி. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வளைகாப்பு முடிந்ததுமே குழந்தையை நினைத்துக் குளியலறையில் கெய்சர் மாட்டியிருந்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் கெய்சர். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

அதன் அடியில் இருந்த சின்ன வால்வு திடீரென்று சொட்ட ஆரம்பித்தது.

"பச்சப்புள்ள கீற வூட்ல தண்ணி சொட்டிக்கினே இருந்தா நல்லால்லங்க. பிளம்பரக் கூப்புடுங்க" என்றாள் மனைவி.

பம்ப்செட் வைத்திருக்கிறவன் ஒழுகலுக்கு ஆள் தேடுவானா? டியூபை வெட்டிச் சுற்றுவான், கட்டையைச் செதுக்கி அடிப்பான். நானும் அந்த ரகம்தான். "இதுக்கு இன்னாத்துக்கு பிளம்பரு?" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு, வால்வின் துளையில் டேப் சுற்றிய போல்ட்டை வைத்து முறுக்கினேன். சொட்டு நின்றது. மகள் அப்போது அறையில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். கெய்சர் சுவிட்சைப் போட்டுவிட்டு மனைவி துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்து, "தண்ணி காஞ்சிருக்கும், புள்ளய எத்துனு வா" என்று மகளிடம் சொல்லிவிட்டு முன்னால் போனாள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மனைவி குளியலறைக் கதவில் கை வைத்ததுதான் தெரியும். வீடே அதிர்ந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆவி அடங்கியதும் பார்த்தால், பெயர்ந்த கதவுக்கு அடியில் அவள் கிடந்தாள். வலது கையில் தோல் உரிந்து தொங்கியது. பத்தடி பின்னால் மகளும் குழந்தையும். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அவர்களும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார்கள்.

மனைவி செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிளம்பர் வந்து உடைசலைக் கிளறினார். உப்புத் தண்ணீரில் உள்ளே சூட்டை நிறுத்துகிற கருவி கெட்டுப்போய், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறதாம். போல்ட்டோடு இருந்த வால்வை எடுத்து என் கையில் வைத்தார்.

"உள்ள அழுத்தம் ஏறுனா இது வழியாத்தான் வெளிய வரும் நைனா. அது மூச்சு வுட்டுக்கினு இருந்துது. நீங்க மூக்க அடைச்சிட்டீங்க."

மனைவிக்கு வலது காது கேட்காது. முழங்கை மடங்காது. பேரனை இன்றுவரை அவள் தனியாகத் தூக்கியதில்லை. யார் கேட்டாலும் "மிஷின் கோளாறு" என்றே சொல்கிறாள், மகளிடமும்கூட. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

மகள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று வருடமாக எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: மிஷின் மேல் பழி இல்லையம்மா, அந்த போல்ட்டை முறுக்கியது உன் நைனாதான்.