உஸ்திகாவுக்கு ஒரு டிக்கெட் குறைந்தது

உஸ்திகாத் தீவுக்குப் போகும் விரைவுப்படகில் பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது என் அப்பாவுக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊர் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுத்தவரை அவர் கண்டதேயில்லை. பிள்ளை என்பது மடியில் வைத்துக்கொண்டு போகிற சாமான். இந்தச் சட்டத்தை அவர் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவரை பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பிலேயே நான்தான் நெட்டை.

உஸ்திகாவுக்குப் போகலாம் என்று மாதக்கணக்காக நச்சரித்தவர் மாமா. இரத்த உறவில்லை, அப்பாவின் கூட்டாளி. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஓகஸ்ட் நடுவில் வரும் பெராகோஸ்தோ விடுமுறைக்கு மட்டும் கிழவரின் மகள் வந்து நிற்பாள், மாமாவுக்கு அன்று ஒருநாள் லீவு கிடைக்கும். அதே மாதிரி உறவில்லாத ஒரு சித்தப்பாவும் சித்தியும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மாமா விடியவே வந்து எங்கள் வீட்டு அடுப்பில் கணவாய்க் கறி வைத்தார். புட்டும் கறிச்சட்டியுமாக, நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவிலிருந்து துறைமுகத்துக்கு ஊர்வலம் போனோம்.

படகு வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டிக்கெட்டுகளை வாங்கி எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏ லா பம்பீனா?" பிள்ளைக்கு எங்கே டிக்கெட் என்று கேட்டார். அப்பா சிரித்தபடி தன் தொடையைத் தட்டிக் காட்டினார். அந்த மனிதர் என் கால்களை மேலிருந்து கீழே ஒருமுறை அளந்தார். பிறகு அவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. புது டிக்கெட் வாங்கவும் வழியில்லை. அன்றைக்குப் படகு நிறைந்துவிட்டது.

"நானும் பிள்ளையும் நிக்கிறம். நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள் அம்மா.

நான் ஊரைக் கூட்டினேன். துறைமுகமே திரும்பிப் பார்க்கிற அழுகை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் வகுப்பில் எல்லோரும் தாங்கள் போன கடற்கரைகளைப் பற்றிச் சொல்வார்கள். எனக்குச் சொல்ல இருந்தது அம்மா வேலை செய்த இத்தாலியச் சீமாட்டி, அந்தச் சிஞ்ஞோராவின் வீட்டு மாடிப்படிகள்தான். இந்த வருடம் நானும் தீவுக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே பாதி வகுப்புக்குப் பறையடித்து வைத்திருந்தேன்.

"நான் நிக்கிறன்," என்றார் மாமா. "எனக்குக் கடலெண்டால் சரியான பயம். தலை சுத்தும்."

சித்தப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா கறிச்சட்டியை அவர் கையில் திணித்துவிட்டார். "சரிச்சுப் பிடியாதை மச்சான், குழம்பு ஊத்துப்படும்."

என் கண்ணீர் உடனே காய்ந்தது. "மாமா, நீங்கள் பெரிய ஆளெல்லோ? பயமே?" என்று ஏறும்போதே கேட்டேன்.

"ஓம் பிள்ளை. பயம்தான்."

உஸ்திகாவில் மணல் இல்லை, கரும்பாறைதான். பாறைக்குப் பக்கத்திலேயே நீர் ஆழமாகவும் நீலமாகவும் இருந்தது. புட்டும் கணவாயும் வயிறுமுட்டத் தின்றுவிட்டுக் கையோடு கடலில் இறங்கினோம். சாப்பிட்ட வயிற்றோடு குளித்தால் உயிர் போய்விடும் என்று குடைக்கடியிலிருந்த ஒரு சிஞ்ஞோரா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். நாங்கள் சாகவில்லை. அப்பா பாறையை விடாமல் பிடித்துக்கொண்டு குளித்தார். நான் காற்றடித்த வளையத்துக்குள் மிதந்தபடி, காலுக்குக் கீழே மீன்கள் போவதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அம்மா மட்டும் அடிக்கடி கரையேறி, மாமாவுக்கென்று எடுத்துவைத்த பங்கில் வெயில் படுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

மாலையில் படகு திரும்பியபோது மாமா துறைமுகத்தில் நின்றார். அங்கேயே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்ததைச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் ஏறியிருந்து அவருக்குப் பயம் தெளிவிக்கத் தொடங்கினேன்.

"கடலிலை இறங்கேக்கை கண்ணை மூடக்கூடாது மாமா. மூடினால்தான் பயம் வரும்."

"அப்பிடியே? தண்ணி என்ன நிறம்?"

"கரையிலை பச்சை. தள்ளிப்போனால் நீலம்."

"பச்சை முடியிற இடத்திலை கால் நிலத்திலை முட்டுமோ?"

முட்டாது என்றேன். காற்று எந்தப் பக்கத்தாலே அடித்தது, இழுவை இருந்ததா, நான் பார்த்த மீன்கள் கூட்டமாகப் போயினவா தனியாகவா என்றெல்லாம் கேட்டார். வாலடியில் கரும்பொட்டு வைத்த மீன்கள், பாறையை ஒட்டிக் கூட்டமாகப் போயின என்று சொன்னபோது, வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார். பாவம், மீனுக்கும் பயப்படுகிறார் என்று நினைத்து, "அது கடிக்காது மாமா," என்று ஆறுதல் சொன்னேன்.

உயர்தரப் பள்ளிக்குப் போன பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில் 'கடலுக்குப் பயந்த மாமா' என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆர், அவனோ பயந்தவன்? நெடுந்தீவிலை நடக்கமுதல் தோணியிலை ஏறினவன். தேப்பன், பாட்டன் எல்லாம் கடல்தான். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்கியிருக்கிறாயடி!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இஞ்சை வந்த நாள் துவக்கம் அவன் ஒரு வள்ளத்திலையும் கால் வைக்கேல்லை. அந்தக் கிழவனை விட்டிட்டு எங்கை போறது?" என்றார்.

மாமாவுக்கு என் வாழ்நாளெல்லாம் நன்றி சொன்னாலும் தீராது. அன்று வாங்கில் உட்கார்ந்து அவர் கேட்டதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பயந்தவன் கேட்கிற கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை. நான் பயம் தெளிவித்துக்கொண்டிருந்தேன், அவர் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நல்லகாலம், நான் வாயாடி. ஒரு மீனையும் விடாமல் சொன்னேன்.