என் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த பதினான்கு படகுகள்

என் முதல் வெப்சைட்டை இணையத்தில் ஏற்றிய அன்று காலை முழுக்க நான் தரையில் இல்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேட்டா என்ட்ரி வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெச்டிஎம்எல் படித்து, வீட்டுக்கு வந்து நோட்பேடில் ஒவ்வொரு வரியாக அடித்த பக்கம் அது. ஏற்றி முடித்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். துறைமுகத்துக்கு வெளியே நாலைந்து கப்பல்கள் அசையாமல் கிடந்தன. அவை வந்த ஊர்களில்கூட இப்போது யாரோ என் பக்கத்தைத் திறக்கலாம் என்று நினைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது. அசட்டுத்தனம்தான், ஆனால் அந்த லேசு அப்புறம் எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பக்கம் பிலோமினா அக்காவுக்காக. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மீன்பிடி ஃபைபர் போட்டுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பேர் எழுதுவது, மீன், மாதா, சூரியன் என்று எது கேட்டாலும் வரைந்துவிடுவார். அவர் பெயின்ட் அடித்த பதினான்கு போட்டுகளின் போட்டோக்களைத்தான் பக்கத்தில் வைத்திருந்தேன். நாகப்பட்டினத்தில் ஒருவர் நான்கு புது போட்டு இறக்க இருந்தார். அக்காவின் வேலையைப் பார்த்துவிட்டு அன்று மதியத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். எண்ணூரைத் தாண்டி அக்காவுக்கு வரவிருந்த முதல் வேலை. வாட்ஸ்அப் எங்கள் பக்கம் வராத காலம், அதனால் வெப்சைட் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"கண்ணு, அவரு தொறந்து பாத்தாராம். கட்டம் கட்டமாதான் கீதாம், ஒரு படமும் இல்லியாம். இன்னாமே பண்ணி வச்ச?"

"எனக்கு எல்லாம் தெரியுதே அக்கா. அவரு நெட்டு ஸ்லோவா இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கச் சொல்லு."

எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன் தெரியுமா? என் திரையில் பதினான்கு போட்டுகளும் பளிச்சென்று நின்றன. ரெஃப்ரெஷ் செய்தேன், அப்போதும் நின்றன. இன்னும் அரை மணி நேரம் அந்த அழகைப் பார்த்தே ஓட்டினேன். அக்கா மறுபடி போன் செய்து அவர் இன்னும் கட்டத்தைத்தான் பார்க்கிறாராம் என்றபோதுதான் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஷேர் ஆட்டோ பிடித்து டோல்கேட் பிரவுசிங் சென்டருக்குப் போய் முகவரியை அடித்தேன். அக்காவின் பேர் வந்தது. கீழே பதினான்கு காலிக் கட்டங்கள். அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. ஆல்பத்தில் ஒட்டிய போட்டோ மாதிரி படங்கள் பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன என்று நம்பி, பக்கத்தை மட்டும் சர்வரில் ஏற்றியிருந்தேன். படங்களை ஏற்றவே இல்லை. காலையிலிருந்து நான் ரசித்தது வெப்சைட்டே இல்லை, என் டெஸ்க்டாப்பில் திறந்து கிடந்த ஃபைல்.

வீட்டுக்கு ஓடி, படங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கோடில் அவை இருக்கும் இடத்தை மாற்றி எழுதி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. நாகப்பட்டினத்துக்காரர் ஒன்றரைக்கே வேறு ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். ஒரு படம்கூடக் காட்ட முடியாதவர் என்ன வேலை செய்திருக்கப் போகிறார் என்று கேட்டாராம். அக்காவின் இருபது வருஷ வேலையைப் பற்றி அந்தக் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அக்காவை அதே சென்டருக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். தப்பு என் மேல்தான் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போ, கீழே போ என்று விரலால் காட்டினார். பதினான்கையும் பார்த்து முடித்ததும் சொன்னார்.

"பெயின்ட் காஞ்சா தண்ணில எறக்கிடுவாங்கோ. அது பாட்டுக்குப் போயிடும். எல்லாத்தியும் ஒண்ணா இப்பதான் கண்ணு பாக்கறேன்."

இன்று என்னோடு ஆறு பேர் வெப்சைட் வேலை செய்கிறார்கள். "என் சிஸ்டத்துல தெரியுதே" என்று யாராவது சொன்னால், எழுந்து போய் அடுத்தவர் போனில் திறந்து பார்க்கச் சொல்வேன். அதைத் தாண்டாத எந்தப் பக்கமும் எங்களிடமிருந்து வெளியே போகாது.

அக்கா அன்று என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், ஒருவேளை நான் எப்போதோ மறந்திருப்பேன்.