மருமகனின் இருமல்

மகளின் குரலுக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது. வறண்ட, நீண்ட இருமல். இலங்கையின் தேயிலை மலைகளில், எங்கள் டயகமவில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, இருமுவது யார் என்று கேட்டேன். “அவருதான்ப்பா. காய்ச்சல் விடவே மாட்டேங்குது” என்றாள்.

அவர்கள் இத்தாலிக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருமகன் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அங்கே தங்குவதற்கான விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரே வீட்டைப் பலகைகளால் தடுத்து நான்கு குடும்பங்கள் இருந்தன. “இதுவும் லயம்தான் மாமா. கங்காணி மட்டும்தான் இல்ல” என்று மருமகன் சிரிப்பார். கொரோனா வந்ததும் உணவகத்தை மூடினார்கள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும்தான் என்றாள் மகள். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாப்பா? கீழ்வீட்டம்மா போகச் சொல்றாங்க.”

நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். படித்து, பாடசாலை அதிபராகி ஓய்வு பெற்ற பின்னும் காலைப் பெரட்டு என்னை விட்டுப் போகவில்லை. பெண்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை அன்றைய வேலைக்குப் பேர் பதிவார். காய்ச்சல் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய பேர் போய்விடும், கூலியும் போய்விடும். என் தாய் மிளகை மென்றபடி, நடுக்கம் தெரியாமல் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நிற்பாள். நோயை மறைத்தால்தான் பிழைக்கலாம் என்று அங்கே கற்றேன். அதைத்தான் மகளுக்கும் சொன்னேன்.

“வெளிய சொல்லாதம்மா. நோய்னு தெரிஞ்சா பேர வெட்டித் திருப்பி அனுப்பிருவாங்க. மொதல்ல விசா வரட்டும். மல்லி அவிச்சுக் குடு.”

“சரிப்பா” என்றாள்.

அடுத்தடுத்த அழைப்புகளில் இருமல் மெலிந்துகொண்டே வந்தது. குணமாகிறது என்று நினைத்தேன். இருமவும் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறார். கடைசியில் கொண்டுபோனபோது, ஏன் முன்பே வரவில்லை என்றுதான் மருத்துவர் கேட்டாராம். விசாவைப் பற்றி அங்கே யாரும் கேட்கவேயில்லை. “பயந்துட்டோம்னு சொன்னேன்ப்பா” என்றாள் மகள். என்னைப் பற்றி அவள் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நானும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. ஞாயிறுதோறும் பேசுகிறாள். சாப்பிட்டேனா என்று கேட்பாள். முன்போல எதையும் செய்யட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்பதில்லை. போன வாரம் பேச்சின் நடுவே கைபேசியைத் தள்ளிப் பிடித்து இருமினாள். அதே வறண்ட இருமல்.

“காய்ச்சலாம்மா?”

“ஒண்ணுமில்லப்பா.”

“ஆஸ்பத்திரிக்குப் போம்மா” என்றேன்.

“அங்க மழையாப்பா?” என்று கேட்டாள்.