கன்னி மூலையில் வெள்ளைக்காரர் அடுப்பு

"ஹாலப் பாக்கோணும்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருங்க தம்பி. திங்கக்கெழம காலைல ஜேசிபி வருது."

இப்படி ஒரு குரல் செய்தி வந்தால் யாரும் உட்கார்ந்து திட்டம் போட மாட்டார்கள். மே மாதத்து அக்கினி நட்சத்திரம், சேலம் பக்கம் யாரும் விரும்பிப் போகாத நேரம். சனிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறினேன்.

முதலில் காரணம். கட்டடங்களை லேசர் கருவியால் அளந்து வரைபடம் தயாரிப்பது என் வேலை. பொழுதுபோக்கும் ஏறக்குறைய அதேதான். பிரிட்டிஷ் காலப் பெரிய வீடுகளின் உள்ளே எடுத்த பழைய படங்களைத் தேடி, அந்த வீடு இன்னும் நின்றால், பழைய கேமரா நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி எடுப்பேன். வீட்டுக்கு வெளியே எடுத்த படங்கள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே எடுத்தவை குறைவு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் போதாது. லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜன்னல் வெளுத்துப் போகும், மூலை இருண்டு கிடக்கும். சிலர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பிப் பாய்ச்சினார்கள். நடமாடியவர்கள் படத்தில் பதியவே இல்லை. வேலைக்காரர்கள் நிறைந்த மாளிகை, படத்தில் ஆளில்லாத வீடாக நிற்கும்.

செய்தி அனுப்பியவர் செல்லமுத்து. ரிக் வண்டி முதலாளி, அதாவது லாரியில் ஏற்றிய எந்திரத்தால் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். வெண்ணந்தூர் தாண்டி நான்கு கிலோமீட்டரில், ஒரு காலத்தில் அவுரி நீலச் சாய வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் கட்டிய பங்களாவைப் போன வருடம் வாங்கினார். இடையில் அது நூல் கிடங்காக இருந்திருக்கிறது. பரணில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் கண்ணாடித் தகடுகள். உடையாமல் இருந்தது ஒன்றுதான். அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, முகநூலில் ஏற்றியிருந்தார். அங்கேதான் பார்த்து, ஹாலைப் படமெடுக்க வரலாமா என்று கேட்டிருந்தேன்.

சேலம் ஜங்ஷனில் இறங்கி, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ராசிபுரம் பஸ். ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூருக்கு டவுன் பஸ். கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். ஏன் இவ்வளவு என்றேன்.

"திரும்பி வரப்ப காலியா வரோணுமுங்க. அந்தப் பங்களாவுக்கு யாருங்க போறாங்க?"

"இப்ப நான் போறனே."

"அதாங்க, உங்ககிட்டத்தான கேக்க முடியும்."

கொடுத்துவிட்டேன். பஸ்ஸிலேயே போகலாம் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

செல்லமுத்து வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். ஹாலுக்குள் அழைத்துப் போனார். முப்பத்தெட்டு அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம், பதினாறு அடி உயரம். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, தரையில் நூல் மூட்டை இழுத்த தடம். வடக்கே வாசல், எதிரே தெற்குச் சுவரில் மூன்று ஜன்னல். பிரிண்ட் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதே மூன்று ஜன்னல்கள், கனத்த திரைச்சீலை, பியானோ, மேலே மங்கலாக ஆடும் துணி விசிறி. அதன் கயிற்றை இழுத்த ஆள் படத்தில் இல்லை. வலது கோடியில் பளிங்குச் சட்டம் வைத்த கணப்பு அடுப்பு. வெண்ணந்தூர் வெயிலில் குளிர் காய அடுப்பு. சீமையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எடுத்த படம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"இவ்வளவு நல்ல ஹாலை ஏன் இடிக்கறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல். "நான்தானுங்க இடிக்கச் சொன்னேன்." அவர் மனைவி மல்லிகா, தண்ணீர்ச் சொம்போடு.

அந்தப் படம் சுவரில் ஏறிய பிறகு வாஸ்து பார்க்க ஒருவர் வந்திருக்கிறார். படத்தில் வலது கோடி என்றால் தென்மேற்கு, கன்னி மூலை. அங்கே நெருப்பு இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. இப்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுவருக்குள் அடுப்பு இருக்கத்தான் செய்யும், ஹாலையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த மாதமே சத்தீஸ்கரில் ரிக் வேலையில் இருந்த மகன் காலில் இரும்புக் குழாய் விழுந்தது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்து, இன்னும் ஊன்றுகோலோடு சேலத்தில் இருக்கிறான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கால் உடைஞ்சதுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமே இல்லைங்க அக்கா."

"உங்க பையன் காலுங்களா அது?"

சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செல்லமுத்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீங்க ஃபோட்டோவப் பத்தி மட்டும் பேசுங்க. இந்த ஊட்ட வாங்கறதுக்கு நான் பதினஞ்சு வருசம் அலைஞ்சிருக்கறேன். அவ சொல்லிட்டா சொன்னதுதான்."

வந்த வேலையைப் பார்ப்போம் என்று கேமரா முக்காலியை வாசலருகே நிறுத்தி, பிரிண்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பிரிண்டில் வலப்பக்க ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவே, அடுப்பு இருக்கும் இடத்தில், ஓர் ஆள் படுக்கிற அளவு இடைவெளி. சுவரில் அந்த இடைவெளி இடப்பக்கம் இருக்கிறது. லேசரால் அளந்தேன். இடப்பக்கம் ஏழு அடி, வலப்பக்கம் மூன்றரை.

"அண்ணா, அந்தத் தகடு இருக்கா?"

துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் ரசாயனப் பூச்சு, மங்கல். பளபளப்பு நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடம் வலம் சரியாகத் தெரியும். ஸ்டுடியோக்காரர் தகட்டைத் திருப்பி வைத்து நகல் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாகப் பிடித்துக் காட்டினேன். அடுப்பு இடது கோடிக்குப் போய்விட்டது. இடது என்றால் கிழக்கு. தென்கிழக்கு, வாஸ்துப்படி நெருப்பு இருக்க வேண்டிய மூலை.

செல்லமுத்து ஒரு போனைக் கீழே வைத்தார். "ஏம்புள்ள மல்லிகா. இங்க வந்து பாரு. அக்கினி மூலைல இருக்குது."

மல்லிகா வந்து தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவரு சொல்லிக் குடுத்தாருங்களா?"

"தம்பிக்கு வாஸ்துவே புடிக்காது. அவரு எதுக்குச் சொல்லிக் குடுக்கறாரு?"

"இடிச்சுப் பாத்துருங்க. அந்த ஒரு மூலைய மட்டும்."

துளை போடுவது செல்லமுத்துவுக்குத் தொழில். சுவர் துளைக்கும் எந்திரத்தை எடுத்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். அரை மணி நேரத்தில் பூச்சு உதிர்ந்து, அடைத்து வைத்த செங்கல் விழுந்தது. உள்ளே முழுசாக ஓர் அடுப்பு. பளிங்கு என்று நினைத்தது வர்ணம் அடித்த காரை. செங்கலில் கரி ஒரு பொட்டுகூட இல்லை. உள்ளே கைவிட்டு மேலே தடவினேன். மூடியிருந்தது. புகை போக வழியே விடவில்லை. படத்துக்காகவே கட்டி வைத்த அடுப்பு.

"இது டம்மிங்க அக்கா. ஒரு நாள்கூட எரிஞ்சதில்ல. எரிக்கவும் முடியாது."

மல்லிகா குனிந்து உள்ளே பார்த்தார். "அக்கினி மூலைல அடுப்பக் கட்டி எரிக்காம போட்டு வெச்சா எப்படிங்க சாமி, ஊடு நல்லா இருக்கும்?"

ஹாலை இடிக்கும் பேச்சு அதோடு நின்றது. அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. வந்த வண்டியைச் சும்மா அனுப்பக் கூடாது என்று பின்பக்கத்துச் சீமைக் கருவேலத்தை எடுக்க விட்டார்கள். ஹாலுக்குள் மல்லிகா அந்த அடுப்பில் மூன்று கல் வைத்து, புதுப் பானையில் பால் ஊற்றி விறகு பற்ற வைத்தார். புகை போகாது என்று மறுபடி சொன்னேன். "ஜன்னல் இருக்குதுங்கள்ல" என்றார். புகை ஜன்னலுக்குப் போகவில்லை. ஹாலை நிரப்பியது. செல்லமுத்து இருமிக்கொண்டே வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். கேமராவை ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தேன். ஷட்டரைத் திறந்தேன்.

அந்தப் படம்தான் இந்தப் பதிவின் மேலே இருப்பது.

போக நினைப்பவர்களுக்கு: செல்லமுத்து அண்ணனிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள், எண் கேட்பவர்களுக்கு அவரிடம் அனுமதி வாங்கித் தருகிறேன். நவம்பருக்குப் பிறகு போனால் தலை வலிக்காது. ஆட்டோவுக்கு இருநூறு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தை நம்பி எதையும் இடிக்குமுன் தகட்டின் பளபளப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். முக்காலி கட்டாயம். காலை வெளிச்சத்தில் எட்டு விநாடி திறந்து வைத்தால் அந்த ஹால் சரியாக வரும். எட்டு விநாடி என்பது நடமாடுகிறவர்களுக்கு அதிகம். என் படத்தில் செல்லமுத்து அண்ணன் புகையோடு புகையாகிவிட்டார், ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஜேசிபி டிரைவரும் இல்லை. கூர்மையாக விழுந்திருப்பது மல்லிகா அக்கா ஒருவர்தான். பால் பொங்கும் வரை அவர் அசையவில்லை.