பூனாகலைக்குக் கொடுத்த இரண்டாவது லைன்

தவறு செய்தவன் நான். தண்டனை அனுபவித்தவன் யோகராஜா. இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பதுளையில், ஒரு தேயிலைக் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். தோட்டத்து ஆபீஸ்களை ஒரே வலையமைப்பில் இணைத்தபோது பூனாகலைத் தோட்டத்துக்கு இரண்டு இணைப்பு லைன் கொடுத்தோம். ஒன்று அறுந்தால், லைன்கள் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டி தானாகவே மற்றதற்கு மாற வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுவிட்சும் பக்கத்துச் சுவிட்சுக்கு ஓயாமல் ‘ஹலோ’ அனுப்பிக்கொண்டிருக்கும். குரல் கேட்டால்தான் அங்கே வழி உண்டு என்று நம்பும்.

எங்களுக்கு அது புதிதா என்ன? நான் பிறந்தது பூனாகலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்; எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா யோகராஜாவுடையது. பள்ளிக்கூடப் பாதையில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் வருபவன் தெரியமாட்டான். “இருக்கியா?” என்பான். “இருக்கேன்” என்பேன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே மலை இறங்குவோம்... அப்போதெல்லாம் எனக்குப் பயமே இருந்ததில்லை.

பூனாகலைக்கு நேரில் போய், ஒரு லைனைக் கழற்றிச் சோதித்திருக்க வேண்டும். போகவில்லை. ஏன் தெரியுமா? நான் லயத்தில் பிறந்தவன் என்பது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. கூட வருபவர்கள் முன்னால் யாராவது “நம்ம ரவி” என்று ஓடிவந்துவிட்டால்?

போனிலேயே வேலையை முடித்தேன். அங்கே கணக்கு எழுதும் கிளாக்கராக இருந்தவன் யோகராஜா. நான் சொல்லச் சொல்ல ஒயரைக் குத்தினான்.

“சார், கொரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்குங்க. நீங்க பூனாகலையா?”

“இல்லை.”

சுவிட்சில் ஒயர் குத்தும் எல்லாப் போர்ட்டையும் முதலில் ‘ஹலோ’ சொல்லாதபடி ஊமையாக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் பேசவிடுவது என் வழக்கம். பேச்சை முடிக்கும் அவசரத்தில் இரண்டாவது லைனை ஊமையாகவே விட்டுவிட்டேன். ‘சோதித்தாயிற்று’ என்று கையெழுத்தும் போட்டேன்.

மழையில் மரம் விழுந்து முதல் லைன் அறுந்தது. சுவிட்ச் மாறவில்லை. இரண்டு நாள் தோட்டத்து ஆபீஸ் முடங்கிக் கிடந்தது. முதல் லைன் சரியானதும் பதுளையில் உட்கார்ந்தபடியே, இரண்டாவதை ஊமையாக்கியிருந்த அந்த ஒரு வரிக் கட்டளையைத் திருத்தினேன். அறிக்கையில், ‘தோட்டத்து ஆபீஸில் ஒயர் கழற்றப்பட்டிருந்தது’ என்று எழுதினேன். யோகராஜாவின் வேலை போயிற்று.

ஒருமுறை கூப்பிட்டான். “நான் ஒயர்ல கை வைக்கலங்க சார். நீங்க சொன்ன மாதிரிதான் குத்துனேன். மேல ஒரு வார்த்த சொல்லுங்க.”

பிறகு கேட்டான்.

“இருக்கியாடா, ரவி?”

போனை வைத்துவிட்டேன்.

அப்படியானால், முதல் நாளே தெரிந்துகொண்டுதான் ‘சார்’ என்றானா? நான் வெட்கப்படுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டானா?

இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறானாம். நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.