காலித் தூக்கு திரும்பக் கூடாது

நான் சொல்லப்போவது நடந்தது ஆந்திரா தனியாகப் பிரிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். படிப்பில்லாதவன், வருஷத்தை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். போன வாரம் பேரன் துபாய்க்குக் கிளம்பினான். எதிர்வீட்டு அம்மா ஊறுகாய் பாட்டிலோடு வந்தார்கள். "வெயிட்டு ஏறிடும் ஆன்ட்டி" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டான். எனக்குப் பகீரென்றது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எங்களுக்கெல்லாம் அப்படிச் சொல்ல வாய் வராது. கும்மிடிப்பூண்டியில் ஒருவன் பட்டணத்துக்கு ரயிலேறினால் தெருவே அவன் கையில் தொங்கும். ஆனால் முறை இருந்தது. கை காலியா என்று கேட்காமல் பொருளைக் கொண்டுவரக் கூடாது. உள்ளே இருப்பதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கட்டவேண்டும். கொண்டுபோகிறவன் உரியவர் கையில்தான் கொடுக்கவேண்டும். அப்புறம், பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. இந்தக் கடைசி முறைதான் என்னைக் கெடுத்தது.

அப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தவிட்டு வாசனை பட்டால் இன்றைக்கும் எனக்கு இருமல் வரும். தண்டையார்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், காலைச் சங்கு ஊதுவதற்குள் வந்து நில் என்று அங்கிருந்த மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். மில்லை விட்டுத் தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

எங்கள் தெருவில் பழவேற்காட்டிலிருந்து வந்து கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பம் ஒன்று. அந்த வீட்டு ஹலீமா அம்மா வந்து, "இன்னா நைனா, பட்டணம் போறியாமே, கை காலியா இருக்குதா?" என்று முறையாகத்தான் கேட்டார்கள். திறந்தும் காட்டினார்கள். மூடி போட்ட பித்தளைத் தூக்கு நிறைய இறால் தொக்கு. தண்டையார்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் மாசமாக இருக்கிறாள், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். இதற்கு எவன் மாட்டேன் என்பான்?

விடியற்காலை வண்டியில் அந்த வாசனைக்கு ஒருத்தன் தூக்கத்திலிருந்தே எழுந்துவிட்டான். யார் வீட்டில் விருந்து, நானும் வரட்டுமா என்று வழி நெடுக ஒரே கிண்டல்.

பட்டறைக்குப் போகும் வழியில்தான் மகள் வீடு. கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒக்காருண்ணே. தூக்க வெறுசா எப்டி அனுப்பறது?"

"வாணாம்மா. சங்கு ஊதறதுக்குள்ள பட்டறைக்குப் போவணும். தூக்க அப்பால வாங்கிக்கறேன்."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

"நீ வெறுங்கையோட போனா, எங்க ஊட்ல ஒண்ணும் இல்லன்னு உம்மா நெனைச்சிக்கும்ணே."

நான் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய் அடுப்பு மூட்டி ரவையை வறுக்க ஆரம்பித்தாள். நெய் வாசனை வந்தது. கூடவே சங்குச் சத்தமும் வந்தது.

ஓடினேன். பட்டறை வாசலில் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை, தூக்கைப் பார்த்தார்.

"அதுல இன்னாடா?"

"கேசரிங்க."

"கேசரி துன்னவா வந்தே? ஆள் எடுத்தாச்சி, போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வந்த வழியே திரும்பினேன்.

ஹலீமா அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். "நெய்யி ஊத்தி செஞ்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போன வேலை என்னாயிற்று என்று கேட்கவில்லை. மறுநாள் நான் மறுபடி மூட்டைக்கு அடியில். யார்மேல் கோபப்படுவது என்று இந்த வயசிலும் தெரியவில்லை. அதுதான் பெரிய பேஜார்.

இப்போது அந்த மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். தண்டையார்பேட்டைப் பக்கம் போனால் பட்டறை இருந்த தெருவே எனக்குப் புரிபடுவதில்லை. பித்தளைத் தூக்கும் போயிற்று. எல்லாம் பிளாஸ்டிக் டப்பா, திருப்பிக்கூடத் தரவேண்டாம் என்கிறார்கள். கை காலியா என்று கேட்கும் ஆளும் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஊருக்குக் கிளம்புவார்கள், யாராவது எதையாவது கொடுத்தனுப்புவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: கொண்டுபோகிறவனை, உனக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் ஒரு வார்த்தை கேட்கட்டும். அத்தனை முறை வைத்திருந்த நாங்கள் இந்த ஒன்றை வைக்காமல் விட்டோம்.