குறிப்பில் இல்லாத கைப்பிடி

சிங்கப்பூரை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை ஒரே ஊர் என்று நினைப்பார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது பல சின்ன ஊர்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நகர மன்றம், அதற்கு ஒரு அலுவலகம், அந்த அலுவலகத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கோபமாக நிற்கும் ஒரு முகப்பு. அப்படி ஒரு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி, மற்றவர்கள் பேசியதை எழுதுகிற வேலை.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பராமரிப்புக் கூட்டம் நடக்கும். எந்த அடுக்குமாடிப் புளோக்கில் மின்தூக்கி திரும்ப நின்றது, எந்த மரக்கிளை மூன்றாம் மாடிச் சன்னலை உரசுகிறது, புறாக்களுக்குச் சோறு போடும் பாட்டியிடம் யார் போய்ப் பேசுவது, ஒரே சனிக்கிழமையில் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தை மலாய்க் கல்யாணத்துக்கும் சீனத் துக்க வீட்டுக்கும் பதிவு செய்து தொலைத்துவிட்டோமே, யாரைப் பக்கத்து புளோக்குக்கு மாறச் சொல்வது. இவைதான் எங்கள் ராஜ்ய விவகாரங்கள். யார் என்ன சொன்னார்கள், யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அன்று மாலைக்குள் தட்டச்சு செய்து வரைவாக எல்லோருக்கும் அனுப்புவேன். அடுத்த கூட்டத்தில் அதை உறுதி செய்ததும் நோட்டின் அந்தப் பக்கங்களைக் கிழித்து அரைக்கும் எந்திரத்தில் போட்டுவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உறுதி செய்த குறிப்பு இருக்கும்போது என் கிறுக்கல் எதற்கு என்று நினைத்தேன். என் குறிப்பில் யாரும் பிழை கண்டதில்லை என்ற கர்வமும் இருந்தது.

என் தோழியும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் சில ஆண்டுகள் இருவரும் முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் குவீன்ஸ்டவுனில் ஹொக்கியன் பேசும் சீன அண்டை வீட்டாரோடு வளர்ந்தவள். மேசையைத் தட்டிக்கொண்டு வரும் சீன அங்கிள்களிடம் இரண்டு வாக்கியம் ஹொக்கியனில் பேசுவாள். அவர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு சிரித்துவிடுவார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போவோம். மீன் வாங்கி, கறிவேப்பிலை கேட்டு வாங்கி, மாடியில் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பேருந்து ஏறுவோம். என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று மருத்துவமனையில் என்னோடு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். என் நாத்தனார்கள் சாயங்காலம்தான் வந்தார்கள்.

அவள் வேலை செய்துகொண்டே படித்து, எங்கள் பேட்டையின் பராமரிப்பு மேலாளர் ஆனாள். நான் படிக்கவில்லை, அதனால் இருந்த இடத்திலேயே இருந்தேன். அதில் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. கூட்டத்தில் அவள் பேசுவதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

எங்கள் பேட்டையைச் சுத்தம் செய்யும் குத்தகை நிறுவனத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் அவருக்குக் குறைவாகத்தான் வரும் என்பதால் எதுவானாலும் என்னைத் தேடி வந்து சொல்வார். ஒரு மழைக்கால வாரத்தில், புதன்கிழமை காலை என்று நினைக்கிறேன், அலுவலகப் பின்கதவருகே வந்து நின்றார்.

"அக்கா, கோடிப் புளோக்குல சக்கர நாற்காலி ஏத்துறதுக்கு ஒரு சாய்வுப் பாதை இருக்குல்ல. அதுல கைப்பிடி ஆடுது. கீழ் முனையில போல்ட்டு புடிக்கல. தண்ணியும் நிக்குது. நாங்க தேச்சுத் தேச்சுப் பாக்குறோம், நாலு நாள்ல திரும்பப் பாசி வந்துடுது."

"உங்க கம்பெனியில சொன்னீங்களா?"

"சொன்னேன். கைப்பிடி நம்ம வேலை இல்லங்குறாங்க. நீங்க மேடம்கிட்ட சொல்லிடுங்கக்கா. வயசானவங்க நிறையப் பேரு அதுலதான் எறங்குறாங்க."

அடுத்த கூட்டத்தின் கடைசியில், வேறு விஷயம் ஏதாவது உண்டா என்று தோழி கேட்டபோது நான் அதைச் சொன்னேன். அந்த மாதம் பொது மேலாளர் விடுப்பில் இருந்ததால் தலைமை அவளுடையது. தொழில்நுட்ப அதிகாரிகள் இருவரும் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தார்கள். "பார்க்கிறேன்" என்றாள் அவள். சாய்வுப் பாதை, கைப்பிடி, தேங்கும் நீர், துப்புரவு மேற்பார்வையாளர் தெரிவித்தது, பராமரிப்பு மேலாளர் பார்ப்பார். அப்படியே எழுதினேன்.

வரைவு போன மறுநாள் என் மேசைக்கு வந்தாள். கையில் இருந்த கோப்பியை என் கோப்புகள்மேல் வைத்துவிட்டு, "ஏய், அந்த ரேம்ப் மேட்டரை எடுத்துடுடி" என்றாள்.

"ஏன்?"

"நானே நேர்ல போய்ப் பாத்துட்டு அடுத்த மாசம் புரோப்பரா போடுறேன். இப்ப போட்டா எப்ப முடியும்னு பாஸ் கேப்பாரு. பதில் வேணும்ல."

"மறந்துடமாட்டியே?"

"நானா? போடி."

எடுத்துவிட்டேன். அதற்கு முன்பும் இப்படிச் சில வரிகளை எடுத்திருக்கிறேன், சேர்த்திருக்கிறேன். வரைவு என்பதே அதற்குத்தானே. அடுத்த மாதக் கூட்டத்தில் குறிப்பு உறுதியானது. சாய்வுப் பாதையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நாங்கள் பேச வேண்டிய மின்தூக்கி விவகாரம் ஒன்று பெரிதாக இருந்தது. நானும் கேட்கவில்லை. வழக்கம்போலப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற சீன டாக்சி ஓட்டுநர் ஒருவர் சந்தைக்குப் போகும் வழியில் அந்தப் பாதையில் சறுக்கினார். கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். அது கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய மகள் கைப்பிடியைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பினாள்.

மறுநாளே பொது மேலாளர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அந்த இடத்தைப் பற்றி முன்பே யாராவது தகவல் சொன்னார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தோழி பேசினாள்.

"துப்புரவு நிறுவனம் எங்களுக்கு ஒன்றும் தெரிவிக்கவில்லை. பாசியை அவர்கள்தான் கவனித்திருக்க வேண்டும். கூட்டக் குறிப்புகளைப் பாருங்கள். எழுதியது இவர். இத்தனை வருஷத்தில் இவர் ஒரு வரியை விட்டு நான் பார்த்ததில்லை. யாராவது சொல்லியிருந்தால் அதில் இருக்கும்."

இதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலாளர் முன்னால் என் வேலையை அப்படி யாரும் பாராட்டியதில்லை. அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தபோதுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது.

"வரைவில் இருந்தது. பிறகு எடுக்கச் சொன்னார்கள்" என்றேன்.

"யார்?"

"இவர்."

அவள் பதறவில்லை. "எனக்கு அப்படி நினைவில்லை. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று என்னையே கேட்டாள். வெளியாட்களிடம் பேசும் அதே மரியாதையான குரல்.

எழுத்தில் ஒன்றுமில்லை. மாற்றம் எதுவானாலும் அதே கோப்பில் செய்து, அதே பெயரில் சேமிப்பதுதான் என் வழக்கம். முதலில் அனுப்பிய வரைவை நான் உட்பட எல்லோரும் அழித்திருந்தோம். தொழில்நுட்ப அதிகாரிகள் அப்படி ஒரு பேச்சு நடந்ததாக ஞாபகம் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அன்று அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். என் நோட்டில் அந்த மாதம் இருந்த இடத்தில் கிழித்த ஓரங்கள் மட்டும் இருந்தன. ஒட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கம் மிஞ்சியிருக்குமோ என்று இரண்டு முறை புரட்டினேன்.

கோப்பி போடும் அறையில் அவளைப் பிடித்தேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"இது அதற்கான இடமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவினாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசினாள். காலை வணக்கம், கோப்பு எங்கே, நன்றி. எங்களுக்குள் தமிழ் நின்றுபோனது. சனிக்கிழமை தனியாகத் தேக்காவுக்குப் போகப் பிடிக்காமல், வீட்டுக்குக் கீழே இருந்த பேரங்காடியில் உறைந்த மீன் வாங்கிக்கொண்டேன். "என்ன இப்பல்லாம் மீனு ருசியே இல்ல" என்றார் கணவர். அவரிடம் அப்போது எதுவும் சொல்லவில்லை.

சாய்வுப் பாதைக்கு ஒரே வாரத்தில் புதுக் கைப்பிடி வந்தது, தண்ணீர் வடியச் சிறு வடிகால் வெட்டினார்கள். அடுத்த மாதக் குறிப்பில் அதை நான்தான் எழுதினேன்.

பட்டுக்கோட்டைக்காரருக்கு அவருடைய நிறுவனம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையைக் கூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டது. அதுவும் எனக்கு மற்ற துப்புரவாளர்கள் சொல்லித்தான் தெரியும். அவர்களிடம் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் தொழிலாளர்கள் கூடும் சிராங்கூன் சாலைப் பக்கம் போய் அவரைப் பார்த்தேன். நண்பர்களோடு புல்தரையில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார். ஒரு கடையோரமாக என்னை நிற்க வைத்து, நான் மறுத்தும் கேளாமல் தேநீர் வாங்கி வந்தார்.

"நீங்க எதுக்குக்கா இம்புட்டுத் தூரம்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி. கைப்பிடி ஆடுதுன்னு நீங்க சொன்னத நான் மீட்டிங்ல சொன்னேன். எழுதவும் செஞ்சேன்."

"மேடம் வேற மாதிரி சொன்னாங்களேக்கா."

"என்ன சொன்னாங்க?"

சொல்ல அவருக்குத் தயக்கமாக இருந்தது. நான் விடவில்லை.

"விழுந்த அன்னைக்குச் சாயங்காலமே வந்தாங்க. தமிழ்லதான் பேசுனாங்க. அக்கா யார்கிட்டயும் சொல்லல, மறந்துட்டாங்க, பாவம் வயசாகுது, இது வெளிய வந்தா அவங்க வேலைக்கே ஆபத்துன்னாங்க. அக்காகிட்ட சொன்னேன்னு நீ யார்கிட்டயும் சொல்லிக்காதன்னாங்க. நானும் சரின்னு வுட்டுட்டேன்."

"உங்க பேருல கடுதாசி குடுத்தாங்களே."

"எனக்கு எடம் மாத்துவாங்க, அவ்வளவுதானக்கா. ஒங்களுக்கு வேலை போயிடும்ல."

எனக்காக அந்த மனிதர் பழியை ஏற்றுக்கொண்டு ஒரு மாதமாகத் தொழிற்சாலைத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் காப்பாற்றச் சொல்லி அவரிடம் கேட்டவள், மறுநாள் என்னையே சாட்சியாக வைத்து அவரைக் கவிழ்த்தாள். அவருக்கும் எனக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த மரியாதை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "அப்படியாக்கா" என்றார். பிறகு, "அந்தத் தாத்தா நடக்குறாரா?" என்று கேட்டார்.

"ஊன்றுகோல் வச்சு நடக்கிறாராம்."

"அது போதும்."

திங்கட்கிழமை பொது மேலாளரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் பேசினார், நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். சில வாரம் கழித்து எச்சரிக்கைக் கடிதத்தை நிறுவனம் திரும்பப் பெற்றதாகக் கேள்விப்பட்டேன். அவரை எங்கள் பேட்டைக்குத் திருப்பி அனுப்பவில்லை. வேலை பெர்மிட் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். என் தோழியிடம் மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வேறொரு நகர மன்றத்தில் பெரிய பதவி கிடைத்துப் போனாள். பிரிவு வாழ்த்து அட்டை என் மேசைக்கும் வந்தது. என் பெயரை மட்டும் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்பினேன்.

நான் குறிப்பு எழுதும் வேலையை விட்டு முகப்புக்கே மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

சென்ற ஆண்டு சைனாடவுனில் மாரியம்மன் கோயில் வாசலில் அவளைப் பார்த்தேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். நகர்ந்துபோக வழியில்லை.

"எப்படி இருக்க?" என்றாள், தமிழில்.

"இருக்கேன்."

கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "அந்தக் கைப்பிடி ரிப்பேர் வேலை சரியா முடிஞ்சதுன்னு, நீ மீட்டிங்ல சொன்னதுக்கு முந்தின மாசம்தான் நான் சைன் பண்ணியிருந்தேன். போய்ப் பாக்காமலே. எங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்லாத நேரம். எனக்கு வேற வழி தெரியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எழுதிடுவியோன்னு பயம்."

"நீ ஒரு வார்த்தை சொன்னதும் அந்த வரிய எடுத்தவடி நான்."

உள்ளே பூசைக்கு மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? நேர்மையாகச் சொன்னால், அவளுக்காகப் பொய் சொல்லியிருப்பேன். யாரும் தகவல் தரவில்லை என்று மேலாளரிடம் நானே சொல்லியிருப்பேன், அந்த மனிதருக்கு அதே கடிதம் போயிருக்கும். அவள் என்னைக் கேட்கவில்லை என்பதுதான் இத்தனை நாளும் எனக்கு வலித்திருக்கிறது.

பட்டுக்கோட்டைக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். நானும் தவறாமல் பதில் அனுப்புகிறேன். அவள் கேட்டிருந்தால் நானும் பொய் சொல்லியிருப்பேன் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.